கணக்கெடுக்கப் போன அதிகாரி: அமில்கர் கப்ராலின் இளமைக்காலம்

1953ஆம் ஆண்டு போர்த்துகீசிய கினியின் காலனி அரசு, தன் வேளாண்மைத் துறை அதிகாரி ஒருவரை ஊர் ஊராக அனுப்பிவைத்தது. யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், என்ன விளைச்சல் என்று வீடு வீடாக விசாரித்து எழுதிக்கொண்டு வர வேண்டும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்புக்கு இப்படியொரு கணக்கெடுப்பை நடத்தித் தருவதாகப் போர்ச்சுகல் 1947இலேயே ஒப்புக்கொண்டிருந்தது. ஆறு வருடம் கிடப்பில் கிடந்த வேலை, முப்பது வயதுகூட நிரம்பாத அந்த அதிகாரியின் தலையில் வந்து விழுந்தது. அவர் பெயர் அமில்கர் கப்ரால். அடுத்த பத்தாவது வருடம் அதே அரசுக்கு எதிராக ஆயுதப் போர் தொடங்கிய இயக்கத்துக்கு அவர்தான் தலைவர்.

கப்ராலைப் பற்றி எழுதுகிற எல்லோருக்கும் இந்தக் கணக்கெடுப்பு ஒரு வரப்பிரசாதம். அரசாங்கச் சம்பளத்தில் நாடு முழுவதும் சுற்றினார், மக்களைத் தெரிந்துகொண்டார், பிறகு அந்த அறிவைக் கொண்டே அரசாங்கத்தைக் கவிழ்க்கப் புறப்பட்டார் என்று கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதை இடறுகிறது. கணக்கெடுப்புக்கும் கிராமத்துக்குத் திரும்புவது என்ற முடிவுக்கும் நடுவே ஆறு வருடம் இருக்கிறது. கிராமத்தை அந்த நாட்டில் எவரையும்விட நன்றாக அறிந்த மனிதர், அரசியலைத் தொடங்கியபோது கிராமத்துக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை, பிறகு எப்படிப் போனார் என்பதுதான் அவருடைய இளமைக்காலத்தில் பார்க்க வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கப்ரால் 1924 செப்டம்பர் 12 அன்று கினியின் பஃபாட்டா நகரில் பிறந்தார். அப்பா ஜுவெனால் கப்ரால், அம்மா இவா பின்யெல் எவோரா. இருவருமே கேப் வெர்டே தீவுகளின் வழிவந்தவர்கள். கார்த்தேஜின் தளபதி ஹமில்கரின் பெயரை மகனுக்கு வைத்த ஜுவெனால் பள்ளி ஆசிரியர். ரோமை எதிர்த்த ஆப்பிரிக்கனின் பெயர் என்று பிற்காலத்தில் பலர் இதில் தீர்க்கதரிசனம் கண்டிருக்கிறார்கள். லத்தீன் பாடங்களில் ஊறிய ஓர் ஆசிரியரின் ஆசை என்பதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டியதில்லை.

கேப் வெர்டேகாரர்கள் கினியில் ஆசிரியராகவும் குமாஸ்தாவாகவும் இருந்தது தற்செயல் அல்ல. போர்ச்சுகல் தன் ஆப்பிரிக்கக் குடிகளை இரண்டாகப் பிரித்துவைத்திருந்தது. கினி, அங்கோலா, மொசாம்பிக் ஆகிய நாடுகளின் மக்கள் சட்டப்படி ‘சுதேசிகள்’. அவர்களுக்குக் குடியுரிமை கிடையாது, அடையாள அட்டை கிடையாது, கட்டாய உழைப்பு மட்டும் உண்டு. போர்த்துகீசிய மொழியும் பழக்கமும் வருமானமும் இருப்பதாக நிரூபித்தால் ‘நாகரிகமடைந்தவர்’ பட்டியலில் ஏறலாம். 1950இன் கணக்குப்படி கினியில் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள், வெள்ளையரையும் சேர்த்து, நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இந்தச் சட்டம் கேப் வெர்டே தீவுகளுக்குப் பொருந்தாது. அந்தத் தீவுகளில் ஆதிக்குடி என்று யாரும் இல்லை; அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் போர்த்துகீசியர்களும் கலந்து உருவான மக்கள் அவர்கள். ஏட்டளவிலாவது குடிமக்கள். அதனால் கினியை ஆளத் தேவைப்பட்ட கீழ்நிலை அதிகாரிகள் தீவுகளிலிருந்தே வந்தார்கள். கினிக்காரனுக்கு வரி வசூலிக்க வரும் முகம் பெரும்பாலும் கேப் வெர்டே முகமாகவே இருந்தது. கப்ரால் இரண்டு மண்ணுக்கும் உரிமை கொண்டாடியதன் பின்னால் இந்தச் சிக்கல் இருக்கிறது. அவர் கடைசிவரை அதிலிருந்து மீளவில்லை.

அவருக்கு எட்டு வயது ஆனபோது குடும்பம் தீவுகளுக்குத் திரும்பியது. பெற்றோர் பிரிந்திருந்தார்கள். பிள்ளைகளை வளர்த்தது இவாதான். மகனின் உயர்நிலைப் படிப்புக்காக மிண்டேலோ துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்து, தையல் வேலையோடு மீன் டப்பா தொழிற்சாலைக்கும் போனார். அந்தக் கூலிக் கணக்கைக் கப்ரால் பிற்காலத்தில் தோழர்களிடம் சொல்லியிருக்கிறார்: மணிக்கு 50 சென்டாவோ. படகுகள் நிறைய மீன் கொண்டுவந்தால் எட்டு மணி நேர வேலை, நாலு எஸ்குடோ. மீன் இல்லாத நாளில் ஒரு மணி நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள், கையில் அதே 50 சென்டாவோ. கடல் தந்தால் சோறு என்ற நிலை.

வானம் தராவிட்டால் அதுவும் இல்லை. கேப் வெர்டேயில் வருடத்தின் நான்கு மாதங்களில்தான் மழைக்கு வாய்ப்பு. அதுவும் பொய்த்தால் பஞ்சம். 1940களின் தொடக்கத்தில் ஒன்று, பிற்பகுதியில் ஒன்று என்று இரண்டு பெரும் பஞ்சங்கள் வந்தன. 1940இல் ஏறத்தாழ 1,81,000 பேர் இருந்த தீவுகளில் 1950இல் எண்ணியபோது ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லை. குறைந்தவர்களில் பலர் செத்தார்கள், சிலர் சாவோ தோமே தீவின் கொக்கோ தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். ஜுவெனால் கப்ரால் வறட்சி வரப்போவதைப் பற்றியும் நீராதாரங்களைப் பற்றியும் அதிகாரிகளுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். அரசு விசுவாசியான ஓர் ஆசிரியரால் செய்ய முடிந்தது அதுதான்.

மகன் அப்போது கவிதை எழுதிக்கொண்டிருந்தார். கப்ரால் என்பதைத் தலைகீழாக்கி ‘லர்பாக்’ என்று ஒரு புனைபெயர்கூட வைத்துக்கொண்டார். மிண்டேலோவில் 1936 முதல் வந்துகொண்டிருந்த ‘கிளாரிடாடே’ இதழைச் சுற்றி ஒரு நல்ல இலக்கியக் கூட்டம் இருந்தது. தீவின் துயரத்தையும், கடலுக்கு அப்பால் போய்விட வேண்டும் என்ற ஏக்கத்தையும் அவர்கள் எழுதினார்கள். 1952இல் கேப் வெர்டே கவிதையைப் பற்றி எழுதிய கட்டுரையில் கப்ரால் அந்தத் தலைமுறைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டு, தப்பிப்போகும் ஏக்கத்தோடு நின்றுவிட முடியாது என்கிற இடத்துக்கு நகர்கிறார். அதற்குள் அவருடைய பாதை வேறாகிவிட்டிருந்தது. 1944இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. தலைநகர் பிரையாவின் அரசு அச்சகத்தில் சிறிது காலம் வேலை. 1945இல் உதவித்தொகை கிடைத்து லிஸ்பனுக்குக் கப்பலேறினார். அவர் சேர்ந்தது சட்டமோ மருத்துவமோ அல்ல, வேளாண்மை. பஞ்சத்தைப் பார்த்து வளர்ந்தவரின் தேர்வு.

சர்வாதிகாரி சலாசரின் லிஸ்பனில் காலனி மாணவர்களுக்காக ஒரு விடுதி இருந்தது. பெயர் ‘பேரரசின் மாணவர் இல்லம்’. பேரரசின் பல மூலைகளிலிருந்து வரும் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் வைத்தால் கண்காணிக்கவும் எளிது, விசுவாசிகளாக வளர்க்கவும் எளிது என்று 1944இல் அரசின் ஆதரவோடு தொடங்கப்பட்டது. கப்ரால் அங்கே சந்தித்தவர்களைப் பாருங்கள்: மருத்துவம் படித்த அகோஸ்டின்யோ நெட்டோ பிறகு அங்கோலாவின் முதல் குடியரசுத் தலைவர், மரியோ பின்டோ டி அன்ட்ராடே அங்கோலா விடுதலை இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், மார்செலினோ டொஸ் சான்டோஸ் மொசாம்பிக் விடுதலை முன்னணியின் தூண். கோவாவிலிருந்து வந்த மாணவர்களும் அந்த இல்லத்தில் இருந்தார்கள். ஒருவரையொருவர் தெரியாமலே இருந்திருக்க வேண்டியவர்களை அரசாங்கமே வாடகை கொடுத்து அறிமுகப்படுத்திவைத்தது. ரகசியப் போலீஸ் ‘பிடே’ அந்த இல்லத்தை 1965இல் இழுத்து மூடியபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

1951இல் இவர்கள் சாவோ தோமேயைச் சேர்ந்த கவிஞர் அல்டா டோ எஸ்பிரிட்டோ சான்டோவின் குடும்ப வீட்டில் ‘ஆப்பிரிக்க ஆய்வு மையம்’ என்று ஒன்றை நடத்தினார்கள். கூடிப் படிப்பதும் பேசுவதும்தான் வேலை. ஒருவர் மொழியைப் பற்றி, ஒருவர் வரலாற்றைப் பற்றி, கப்ரால் மண்ணையும் வேளாண்மையையும் பற்றி. போர்த்துகீசியப் பள்ளியில் போர்ச்சுகலின் ஆறுகளையும் அரசர்களையும் மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள், இருபது வயதுக்கு மேல் சொந்தக் கண்டத்தைப் பாடமாகப் படிக்க உட்கார்ந்தார்கள். போருக்குப் பிந்தைய போர்த்துகீசிய ஜனநாயக இளைஞர் இயக்கத்திலும் அவர்களில் பலருக்குத் தொடர்பு இருந்தது. சர்வாதிகாரத்தை எதிர்த்த போர்த்துகீசியர்களோடு தோளோடு தோள் நின்ற அந்த அனுபவம் கப்ராலிடம் நிலைத்தது. போர்த்துகீசிய மக்கள் வேறு, போர்த்துகீசியக் காலனியாதிக்கம் வேறு என்று போர் நடந்த வருடங்களிலும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். உடன் படித்த போர்த்துகீசியப் பெண் மரியா ஹெலேனாவை 1951இல் மணந்தார்.

பட்ட ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது தெற்குப் போர்ச்சுகலின் அலென்டேஜோ பகுதியில் மண்ணரிப்பு. ஆய்வு நடந்த ஊரின் பெயர் கியூபா. ஃபிடல் காஸ்ட்ரோவின் கியூபாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கோதுமை விளையும் ஒரு சிற்றூர். அலென்டேஜோ பெரும் பண்ணைகளும் நிலமற்ற கூலிகளும் நிறைந்த பகுதி. ‘கோதுமைப் பிரச்சாரம்’ என்ற பெயரில் 1929 முதல் அரசு சரிவான, மெல்லிய மண்ணையெல்லாம் கோதுமைக்கு உழவைத்தது. மேல்மண் மழையோடு போனது. மண் தானாகக் கெடுவதில்லை, அது யார் கையில் எதற்காக உழப்படுகிறது என்பதைப் பொறுத்தே கெடுகிறது என்ற பாடத்தைக் கப்ரால் ஆப்பிரிக்காவில் கற்கவில்லை, ஐரோப்பாவில் ஆள்கிறவர்களின் சொந்த நாட்டில் கற்றார். வெள்ளைக்கார விவசாயக் கூலியும் பசியோடு தூங்குவதைப் பார்த்தார்.

இந்தப் பாடத்தை 1949இன் கோடை விடுமுறையிலேயே சொந்தத் தீவில் சொல்லிப் பார்த்தார். அந்த வருடம் பிப்ரவரியில் பிரையாவில் பஞ்ச நிவாரணச் சாப்பாட்டுக்காகக் கூடியிருந்தவர்கள்மேல் சுவர் இடிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்திருந்தார்கள். கப்ரால் வானொலியில் கேப் வெர்டேயின் மண்ணைப் பற்றியும் அதைக் காப்பதைப் பற்றியும் பேசத் தொடங்கினார். அரசியல் என்று ஒரு சொல்கூட வேண்டியிருக்கவில்லை. அதிகாரிகள் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். மண்ணைப் பற்றிய பேச்சு எங்கே போய் முடியும் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

1952இல் கினிக்கு வேலைக்கு வந்தார். பிசாவ் நகரை ஒட்டிய பெசூபே அரசு சோதனைப் பண்ணை அவர் பொறுப்பு. நல்ல பதவி, நல்ல சம்பளம். அடுத்த வருடம் கணக்கெடுப்பு. அவரும் மரியா ஹெலேனாவும் உதவியாளர்களும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்ப நிலங்களை மாதிரியாக எடுத்து அளந்தார்கள். முடிவுகள் 1956இல் காலனியின் பண்பாட்டு இதழிலேயே அச்சாயின. எல்லாம் வெளிப்படையான அலுவல் வேலை.

அந்தப் பயணத்தில் அவர் பார்த்த இரண்டு வேளாண்மைகளை அருகருகே வைக்க வேண்டும். கரையோரத்து பலான்டா மக்களின் நெல் ஒன்று. அலையாத்திக் காட்டை வெட்டி, களிமண்ணால் நீண்ட கரை எழுப்பி, கடல் நீரை வெளியே நிறுத்துவார்கள். உள்ளே இருக்கும் உவர் மண்ணில் உடனே எதுவும் முளைக்காது. இரண்டு மூன்று மழைக்காலம் பெய்து உப்பைக் கழுவ வேண்டும். குடைந்த மரத்தண்டைக் கரைக்கடியில் பதித்து மதகாக வைத்து நீரை வடிப்பார்கள். பிறகு இரும்பு விளிம்பு வைத்த நீண்ட மரக் கொத்தால் மண்ணைப் புரட்டிப் பாத்தி கட்டி நாற்று நடுவார்கள். உழவுக்கு மாடும் இல்லை, ஏரும் இல்லை. ஊர் கூடினால்தான் கரை நிற்கும். இத்தனைக்கும் அவர்களுக்குத் தலைவன் என்று ஒருவன் கிடையாது, முடிவெடுப்பது ஊர்ப் பெரியவர்கள். காலனி அரசின் பார்வையில் காட்டுமிராண்டிகளான இவர்களிடம் கப்ரால் கண்டது தலைமுறை தலைமுறையாகத் தேறிய நீரியல் அறிவு.

இன்னொன்று உள்நாட்டின் கடலை. வரி பணமாகக் கட்ட வேண்டும், பணத்துக்கு விற்கக்கூடிய பயிர் கடலை. வாங்குகிறவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். அவற்றில் பெரியது போர்ச்சுகலின் சி.யு.எஃப். பெருந்தொழில் குழுமத்தைச் சேர்ந்த காசா கௌவேயா. கடலை பரவப் பரவக் காடு அழிந்தது, தரிசு போடும் காலம் குறுகியது, மண் இளைத்தது. கப்ரால் இதைப் பற்றி 1954இலும் 1958இலும் எழுதிய ஆய்வுகள் தொழில்நுட்ப நடையில் அமைந்தவை. கோஷம் எதுவும் கிடையாது. ஆனால் அலென்டேஜோவின் கோதுமையை அறிந்தவருக்கு கினியின் கடலை வேறு பயிர் அல்ல.

இவ்வளவும் தெரிந்த மனிதர் 1954இல் செய்தது என்ன? பிசாவ் நகரில் ஆப்பிரிக்கர்களுக்காக ஒரு விளையாட்டு மன்றம் தொடங்க அனுமதி கேட்டார். கால்பந்து, ஒரு வாசகசாலை, மாலையில் கூடிப் பேச ஓர் இடம். கப்ரால் நல்ல ஆட்டக்காரர். விண்ணப்பத்தை அரசு நிராகரித்தது. காரணம், கையெழுத்திட்டவர்களில் சிலரிடம் அடையாள அட்டை இல்லை. ‘சுதேசி’க்கு அட்டை தருவதில்லை என்று சட்டம் போட்ட அரசு, அட்டை இல்லாதவர் மன்றம் வைக்க முடியாது என்றது. ஒரு காலனியாட்சியின் முழு இலக்கணமும் இந்த ஒரு பதிலுக்குள் அடங்கிவிடுகிறது.

1955இல் அவர் கினியை விட்டுப் போனார். ஆளுநர் வெளியேற்றினார், வருடத்துக்கு ஒருமுறை தாயைப் பார்க்க மட்டும் வரலாம் என்றார் என்பது இயக்கம் சொல்லும் வரலாறு. மலேரியாவால் உடல்நலம் கெட்டுத் திரும்பினார் என்பது அலுவல் ஏடு சொல்வது. இரண்டுமே உண்மையாக இருப்பதில் ஒரு தடையும் இல்லை. வேண்டாத அதிகாரிக்கு வரும் காய்ச்சல் எந்த அரசுக்கும் வசதியானது. அடுத்த சில வருடங்கள் லிஸ்பனுக்கும் அங்கோலாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் இடையே மண் ஆய்வாளராக அலைந்தார்.

இந்தக் காலத்தில்தான் அந்தப் புகழ்பெற்ற தேதி வருகிறது. 1956 செப்டம்பர் 19 அன்று பிசாவில் கப்ராலும் அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி லூயிஸ் கப்ரால், அரிஸ்டிடிஸ் பெரைரா உள்ளிட்டோரும் கூடி, கினி–கேப் வெர்டே விடுதலைக்கான ஆப்பிரிக்கக் கட்சியைத் தொடங்கினார்கள் என்பதே அதிகாரபூர்வமான வரலாறு. மொத்தம் ஆறு பேர். கினியின் வரலாற்றாசிரியர் ஜூலியாவோ சுவாரெஸ் சோசா 2011இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் ஆவணங்களைக் காட்டி இதை மறுக்கிறார். அவர் கணக்கில் கட்சி என்று சொல்லத்தக்க ஒன்று உருவானது மூன்று வருடம் கழித்துத்தான். விடுதலை இயக்கங்கள் தங்கள் பிறந்தநாளுக்கு முன்தேதி போட்டுக்கொள்வது புதிதல்ல. போட்டி இயக்கங்களுக்கு முந்திப் பிறந்ததாகக் காட்ட வேண்டிய தேவை கப்ராலுக்கும் இருந்தது. எனக்கு சோசாவின் வாதம் வலுவாகத் தெரிகிறது. ஆனால் தேதியைவிட அந்த ஆறு பேரின் உத்தியோகம் முக்கியம். பெரைரா தபால் தந்தித் துறை, லூயிஸ் கப்ரால் காசா கௌவேயாவில் கணக்கு எழுதியவர். எல்லாம் நகரத்து அலுவலக மேசைகள். பெரும்பாலும் கேப் வெர்டே வழி. தொழிலாளி என்று தேடினால் துறைமுகம்தான் கண்ணில் பட்டது. ஐரோப்பிய நூல்களில் படித்த புரட்சியும் நகரத் தொழிலாளியிடமிருந்துதானே தொடங்குகிறது? கணக்கெடுப்பு கைப்பெட்டியில் இருந்தது. அதை அரசியலாகப் படிக்க இன்னும் நேரம் வரவில்லை.

நேரம் 1959 ஆகஸ்ட் 3 அன்று வந்தது. பிசாவின் பிஜிகிட்டி துறையில் காசா கௌவேயாவின் படகோட்டிகளும் சுமை தூக்குவோரும் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ் சுட்டது. இயக்கத்தின் கணக்கில் ஏறத்தாழ 50 பேர் செத்தார்கள். கப்ரால் அப்போது ஊரில் இல்லை. அடுத்த மாதம் பிசாவுக்கு வந்து தோழர்களோடு உட்கார்ந்து மூன்று முடிவு எடுத்தார்: நகரத்தில் இனிக் கூட்டம் கூட்டிச் சாவதில்லை, கிராமத்துக்குப் போக வேண்டும், தலைமையின் ஒரு பகுதி நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். 1960 தொடக்கத்தில் லிஸ்பனை விட்டு வெளியேறினார். லண்டனில் ‘ஏபெல் ஜாசி’ என்ற பெயரில், பிரிட்டிஷ் எழுத்தாளர் பேசில் டேவிட்சனின் முன்னுரையோடு, போர்த்துகீசியக் காலனிகளைப் பற்றி ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். பிறகு, இரண்டு வருடத்துக்கு முன் சுதந்திரம் பெற்றிருந்த பக்கத்து நாடான இன்னொரு கினியின் தலைநகர் கொனாக்ரி.

கொனாக்ரியில் அவர் நடத்திய பயிற்சிப் பள்ளி கணக்கெடுப்பின் இரண்டாம் பாகம் என்றே சொல்லலாம். பிசாவில் ரஃபேல் பார்போசா ரகசியமாகச் சேர்த்து அனுப்பிய இளைஞர்கள், நகரத்துப் பையன்கள், எல்லை தாண்டி வந்து சேர்ந்தார்கள். அவர்களை நாடகம்போல நடிக்கவைத்தார் கப்ரால். ஒருவன் ஊர்ப் பெரியவர், இன்னொருவன் அவரைப் பார்க்க வந்த கட்சிக்காரன். எப்படி வணக்கம் சொல்கிறான், எங்கே உட்காருகிறான், பெரியவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறானா என்று பார்த்துத் திருத்துவார். காலனியாதிக்கம், ஏகாதிபத்தியம் என்று பேசக்கூடாது. கடலைக்கு என்ன விலை கொடுத்தான்? வருடம் முழுக்க வேலை செய்து வீட்டுக்கு எவ்வளவு வந்தது? வரிக்கு எவ்வளவு போனது? வரியைக் கட்டியும் ஊருக்கு என்ன செய்தார்கள்? இவற்றைக் கேட்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு கடினமான கண்டுபிடிப்பு இருக்கிறது. உழுபவனுக்கே நிலம் என்ற கோஷம் கினியில் செல்லாது. கென்யாவிலும் அல்ஜீரியாவிலும் வெள்ளைக் குடியேறிகள் நிலத்தைப் பறித்தார்கள். கினியில் நிலம் ஊருக்குச் சொந்தமாகவே இருந்தது. சுரண்டல் நடந்தது விலையிலும் வரியிலும். எதிரியை விவசாயி கண்ணால் பார்ப்பதே அபூர்வம். நிலத்தைப் பறிகொடுக்காதவனை ஆயுதம் எடுக்க எப்படி அழைப்பது? 1964இல் இத்தாலியில் ஒரு கருத்தரங்கில் கினியின் சமூக அமைப்பை விளக்கியபோது கப்ரால் இதை மறைக்கவில்லை. தலைவனில்லாத பலான்டாக்கள் எளிதில் வந்தார்கள். 1963 ஜனவரி 23 அன்று டிட்டே படைமுகாம் தாக்கப்பட்டுப் போர் தொடங்கியதும் அவர்கள் வாழும் தெற்கில்தான். கிழக்கில் ஃபுலா மக்களிடம் கதை வேறு. அங்கே தலைவர்களின் அதிகாரம் பெரியது, 1910களின் படையெடுப்புகளிலிருந்தே அவர்களில் பலர் போர்த்துகீசியரோடு கைகோத்தவர்கள், குடியானவன் தலைவன் சொல்லைத் தட்ட மாட்டான். விவசாயி தானாகப் புரட்சிக்காரன் அல்ல, அவனை நம்பவைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும் என்ற பொருளில் அந்தக் கருத்தரங்கிலேயே பேசினார். அவரைக் கேட்டுக்கொண்டிருந்த ஐரோப்பியர்களில் பலர் அந்நாட்களில் ஆப்பிரிக்க விவசாயியைப் பிறவிப் புரட்சியாளனாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள்.